67 வயதில் 3,300 கிலோமீட்டர் தனிநடை... பிறகு கையில் மண்வெட்டி! - எம்மா கேட்வுட் பாட்டியின் கதை

டிரெக்கிங் போகணும்னு ஆசை வந்ததும் நீங்க முதல்ல என்ன செய்வீங்க? நல்ல ஷூ, வாட்டர் புரூஃப் பை, டென்ட், ஸ்லீப்பிங் பேக்னு ஒரு லிஸ்ட் போடுவீங்க. விலையைப் பார்த்ததும், 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்'னு தள்ளிப் போடுவீங்க. இவை எதுவுமே இல்லாமல், 67 வயதில், அமெரிக்காவின் மிக நீளமான மலைப்பாதைகளில் ஒன்றை முழுசா நடந்து முடித்தவர் எம்மா கேட்வுட். அமெரிக்கர்களுக்கு அவர் 'கேட்வுட் பாட்டி'.

1887 அக்டோபர் 25-ம் தேதி, ஒஹையோ மாநிலத்தின் கேலியா கவுன்ட்டியில் பிறந்தவர் எம்மா. வீட்டில் 15 பிள்ளைகள். 19 வயதில் கல்யாணம். 11 குழந்தைகளைப் பெற்று, பண்ணை வேலையையும் சேர்த்துப் பார்த்தார். வெளியில் மரியாதையாக வலம்வந்த கணவர், வீட்டுக்குள் வேறு ஆள். கல்யாணமான சில மாதங்களிலேயே அடி ஆரம்பித்துவிட்டது. பல்லும் விலா எலும்பும் உடைகிற அளவுக்குக்கூட அடி வாங்கியிருக்கிறார். மனநலக் காப்பகத்தில் சேர்த்துவிடுவேன் என்ற மிரட்டல் வேறு.

அடி தாங்க முடியாதபோது எம்மா ஓடிப்போய் நின்ற இடம், பக்கத்திலிருந்த காடு. அங்கேதான் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது. எந்தச் செடியைத் தின்னலாம், எது மருந்தாகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பின்னாளில் மலையில் அவரைக் காப்பாற்றியதும் இந்த அறிவுதான். 30 வருஷங்களுக்கும் மேல் பொறுத்தவர், 1940-களின் தொடக்கத்தில் விவாகரத்து பெற்றார். பெண்கள் விவாகரத்து கேட்பதே அபூர்வமாக இருந்த காலம் அது.

பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போன பிறகு, ஒரு பழைய நேஷனல் ஜியாகிரபிக் இதழ் எம்மாவின் கையில் கிடைத்தது. அதில் அப்பலாச்சியன் மலைப்பாதை பற்றி ஒரு கட்டுரை. பென்டன் மெக்காய் என்பவர் 1921-ல் முன்வைத்த யோசனை, 1937-ல் முழுப் பாதையாகியிருந்தது. தெற்கே ஜார்ஜியாவிலிருந்து வடக்கே மெய்ன் வரை 14 மாநிலங்கள். எந்தப் பெண்ணும் இதைத் தனியாக ஒரே மூச்சில் நடந்து முடித்ததில்லை என்பது தெரிந்ததும், நாம ஏன் போகக் கூடாது என்று நினைத்துவிட்டார் பாட்டி.

1954-ல் மெய்ன் பக்கமிருந்து தொடங்கிய முதல் முயற்சி தோல்வி. வழி தவறியது, மூக்குக்கண்ணாடி உடைந்தது, சாப்பாடு தீர்ந்தது. வனக்காவலர்கள் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். போனார். ஆனால், அடுத்த வருஷமே 1955 மே 3-ம் தேதி, ஜார்ஜியாவின் ஓகில்தார்ப் மலையில் வந்து நின்றார். பிள்ளைகளிடம் சும்மா நடந்துட்டு வர்றேன் என்பதற்கு மேல் விவரமாக எதுவும் சொல்லவில்லை.

அவர் தோளில் இருந்தது, டெனிம் துணியில் தானே தைத்த ஒரு பை. எடை 10 கிலோகூட இருக்காது. உள்ளே ராணுவக் கம்பளி, மழைக்கோட்டு, குளியலறையில் திரையாகத் தொங்கவிடும் ஒரு பிளாஸ்டிக் ஷீட். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. சாப்பாட்டுக்கு உலர் திராட்சை, கொட்டைகள், டின்னில் அடைத்த சாசேஜ். டென்ட் கிடையாது. பாதையோரக் குடிசைகளில் தூங்கினார். சில ராத்திரிகள் தெரியாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவர்களும் உண்டு, விரட்டியவர்களும் உண்டு. அப்போது காய்ந்த இலைகளைக் குவித்து, அதன்மேல் படுத்தார்.

அந்த ஆகஸ்ட்டில் கான்னி, டயான் என அடுத்தடுத்து இரண்டு புயல்கள் கிழக்கு அமெரிக்காவைப் புரட்டிப்போட்டன. பாட்டி அந்த மழையிலும் நடந்தார். வெர்மான்ட்டில் பாலம் அடித்துச் செல்லப்பட்ட ஓர் ஆற்றை, கடற்படையில் இருந்த இரண்டு இளைஞர்கள் கயிறு கட்டித் தாண்டவைத்தார்கள். 146 நாள்கள் கழித்து, செப்டம்பர் 25-ம் தேதி மெய்னில் கட்டாடின் சிகரத்தில் ஏறி நின்று பாட்டுப் பாடினார். சுமார் 3,300 கிலோமீட்டர்! தனியாக, ஒரே பருவத்தில் முழுப் பாதையையும் முடித்த முதல் பெண் அவர்தான்.

நிருபர்கள் சுற்றி நின்றபோது பாட்டி பெருமை பேசவில்லை. பாதையைப் பற்றிப் புகார்தான் சொன்னார். கட்டுரையில் படித்ததுபோல பாதை இல்லை, விழுந்த மரங்களை யாரும் அகற்றவில்லை, கழுத்துவரை புதர், குறியீடுகள் அழிந்திருக்கின்றன என்று வெளிப்படையாகப் போட்டு உடைத்தார். இது பத்திரிகைகளில் வரவே, பாதையின் நிலைமை பலர் கவனத்துக்கு வந்தது. பராமரிப்பு மேம்பட அவர் குரலும் ஒரு காரணம் என்கிறார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே நீங்க தெரிஞ்சுக்கணும். அந்தப் பாதையைப் பெரும்பாலும் பராமரிப்பவர்கள் சம்பள ஆட்கள் இல்லை, தன்னார்வலர்கள். ஆளுக்கொரு பகுதியைப் பொறுப்பெடுத்துக்கொண்டு, விடுமுறை நாள்களில் போய் புதர் வெட்டுவார்கள். மழைநீர் பாதையை அரித்துவிடாமல், கல்லையோ கட்டையையோ குறுக்கே பதித்து ஓரமாகத் திருப்பிவிடுவார்கள். மரங்களில் வெள்ளைப் பட்டைக் குறி தீட்டுவார்கள். பாதுகாக்கப்பட்ட அடர்காட்டுப் பகுதிகளில் மோட்டார் ரம்பத்துக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. அங்கே சாய்ந்த மரத்தை இரண்டு பேர் இழுக்கும் கைரம்பத்தால்தான் அறுக்க வேண்டும்.

பாட்டியும் புகாரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1957-ல் இரண்டாவது முறை நடந்தார். 1959-ல் மிசோரியிலிருந்து ஓரிகன் வரை பழைய ஓரிகன் தடத்தில் சுமார் 3,200 கிலோமீட்டர். 1964-ல் பகுதி பகுதியாக அப்பலாச்சியன் பாதையை மூன்றாவது முறையும் முடித்தார். மூன்று முறை முடித்த முதல் மனிதர் அவர். இதற்கிடையே, சொந்த மாநிலமான ஒஹையோவில் 'பக்ஐ' நடைபாதையை உருவாக்கியவர்களோடு சேர்ந்துகொண்டார். 80 வயதைத் தாண்டிய பிறகும், தான் பிறந்த கேலியா கவுன்ட்டியில் பாதையைச் சுத்தம் செய்வதும் குறி தீட்டுவதுமாக இருந்தார். ஒருகாலத்தில் அவர் அடிக்குப் பயந்து ஓடி ஒளிந்த காடுகள் இருந்த மண் அது. அங்கே மற்றவர்கள் பயமில்லாமல் நடக்க வழி செய்தார்.

1973 ஜூன் 4-ம் தேதி, 85 வயதில் இறந்தார் எம்மா. ஒஹையோவின் ஹாக்கிங் மலைப்பகுதியில் ஒரு பாதைக்கு இன்று அவர் பெயர்.

அடுத்த முறை ஏதாவதொரு மலைப்பாதையில் நடக்கும்போது கொஞ்சம் குனிந்து பாருங்க. தண்ணீர் ஓடக் குறுக்கே ஒரு கல் பதிந்திருக்கலாம். ஓரமாக ஒரு கிளை வெட்டி ஒதுக்கப்பட்டிருக்கலாம். நீங்க வரப்போறீங்கன்னு யாரோ முன்னாடியே வந்து செஞ்ச வேலை அது. உங்களுக்குப் பின்னால் வருபவருக்காக, பாதையில் கிடக்கும் ஒரு முள்கிளையை நீங்களும் எடுத்துப் போடுங்க.