பொறி கண்ட பாபேஜ்

கணனிக்குக் கட்டளை கொடுத்தால் அது செய்து முடிக்கிறது. எங்ஙனம் செய்கிறது என்று கேட்டால், மின்சாரத்தால் என்று சொல்லிவிட்டு அப்பாற் செல்வார் பலர். மின்சாரத்துக்குப் பெருக்கலுந் தெரியாது, கழித்தலுந் தெரியாது. இவ்வினாவுக்கு மின்சாரமின்றியே விடை கண்டவர் சாள்ஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயர்.

இவர் 1791ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஒரு வங்கியாளரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜிலே பயின்று, 1828 முதல் 1839 வரை அங்கே கணிதப் பேராசிரியராயிருந்தார். அக்காலத்து வானியல் வாய்பாடுகள் கையாற் கணிக்கப்பட்டமையால் பிழை மலிந்திருந்தன. 1821இலே நண்பர் ஹேர்ஷலுடன் அவற்றை ஒப்பு நோக்குகையில், இவ்வேலையைப் பற்சில்லுகளிடம் ஒப்படைத்தால் என்ன என்ற எண்ணம் அவர் மனத்தில் வலுத்தது. அவ்வெண்ணமே வித்தியாசப் பொறியாயிற்று. அரசினர் 1823 முதல் பொருளுதவினர். 1833இலே கம்மியருடன் ஏற்பட்ட பிணக்கால் வேலை நின்றது.

நிற்க. 1834இல் அவர் வரையத் தொடங்கிய பகுப்புப் பொறியே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. எண்களை வைக்க ஒரு களஞ்சியம். கணிக்க ஓர் ஆலை. நெல் களஞ்சியத்திலிருந்து ஆலைக்குப் போய் அரிசியாய்த் திரும்புவதுபோல எண்கள் போய்வரும். என்ன செய்யவேண்டும் என்பதைத் துளையட்டைகள் சொல்லும். பட்டு நெய்யும் ஜக்காட் தறியிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது இது. ஆனால் அட்டை, பெருக்கு என்று மாத்திரமே சொல்லும். எந்தச் சில்லு எப்போது சுழல்வது, எந்தத் தண்டு எப்போது உயர்வது என்று யார் சொல்வது? அதற்கென முளைகள் பதித்த உருளைகளை அமைத்தார். ஒரு நிரையிலுள்ள முளைகள் நெம்புகோல்களைத் தள்ளும், சில்லுகள் அசையும், பின் உருளை அடுத்த நிரைக்குத் திரும்பும். இவ்வாறு ஒரு பெருக்கல் பல சிற்றசைவுகளாகப் பிரிந்து நிறைவேறும். கணிப்பின் விளைவைப் பொறுத்து உருளை வேறு நிரைக்குத் தாவவும் வழியிருந்தது. 1951இலே மொறிஸ் வில்க்ஸ் இலத்திரன் கணனிக்கு வகுத்த நுண்கட்டளை முறை இதனையே ஒத்தது. இன்றைய மேசைக் கணனிகளின் முறைவழியாக்கியினுள்ளும் அம்முறை வாழ்கிறது.

லவ்லேஸ் சீமாட்டி ஏடா இப்பொறியை விளக்கி 1843இலே விரிவான குறிப்புகள் வெளியிட்டார். எனினும் பொறி கட்டப்படவில்லை. அரசினர் 1842இலே வித்தியாசப் பொறியையே கைவிட்டிருந்தனர்; அதற்குள் ஏறத்தாழ 17,000 பவுண் செலவாகியிருந்தது. அரசினரைக் குறைகூறுவோர் பலர். நாம் அதனை முற்றாக ஒப்புக்கொள்ளோம். முதற்பொறி முடியுமுன்னே அதனிலுஞ் சிறந்ததொன்று உண்டென்று செய்பவரே சொன்னால், பணங் கொடுத்தவர் என் செய்வர்!

பாபேஜ் 1871ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆந் திகதி இலண்டனிற் காலமானார். மகன் ஹென்றி 1910இலே ஆலையின் ஒரு பகுதியைக் கட்டி முடித்தார். தந்தையார் 1847க்கும் 1849க்கும் இடையில் வரைந்த இரண்டாவது வித்தியாசப் பொறியை இலண்டன் விஞ்ஞான நூதனசாலையார் 1991இலே அவர் வரைபடங்களின்படி கட்டினர். அது பிழையின்றிக் கணித்தது.