கறுப்புக் கல்லைக் கண்டெடுத்தவர்!



சென்னை பெசன்ட் நகர் கடற்கரையின் வடக்குக் கோடியில், அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, ஊரூர் ஒல்காட் குப்பம் என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. ஒருநாள் காலையில் அங்கே போய் மணலை உற்றுப் பாருங்கள். அலை ஏறி இறங்கிய இடத்தில் மை தீட்டியதைப் போலக் கறுப்புக் கோடுகள் தெரியும். அழுக்கு என்று நினைத்து விடாதீர்கள். அதுவும் மணல்தான், ஆனால் கனமான மணல்!

அம்மா அரிசியை அரிக்கும்போது பார்த்திருப்பீர்கள். இலேசான அரிசி தண்ணீரோடு போய்விடும். கனமான கல் அடியில் தங்கிவிடும். கடல் அலையும் இப்படித்தான் மணலை அரிக்கிறது. வெள்ளை மணலை அடித்துக்கொண்டு போகிறது. இரும்புச் சத்துள்ள கறுப்புத் துகள்களை விட்டுச் செல்கிறது.

இதே வித்தையை இலங்கையில் இரத்தினக் கல் தேடுபவர்கள் பல நூறு ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். ஆற்றோரம் குழி தோண்டி, கிடைக்கும் சரளை மண்ணை மூங்கில் கூடையில் போட்டு, தண்ணீரில் சுழற்றி அரிப்பார்கள். நீலக்கல், புட்பராகம் எல்லாம் கூடையின் அடியில் தங்கும். அப்படித் தங்கிய சில கறுப்புக் கற்கள்தான் இந்தக் கதையின் தொடக்கம். கதையின் நாயகர் ஒரு தமிழர். பெயர், ஆனந்த குமாரசுவாமி.

அவரைப் பெரும்பாலோர் கலை அறிஞராகத்தான் அறிவார்கள். நடராஜர் சிலையின் பெருமையை மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்னவர் அவர். ஆனால் அவர் முதலில் படித்தது கலையை அல்ல, கல்லை!

ஆனந்தர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி பெரிய வழக்கறிஞர். இலங்கைச் சட்டசபை உறுப்பினர். நாம் எல்லோரும் அறிந்த அரிச்சந்திரன் கதையைச் சொல்லும் தமிழ் நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தாயார் எலிசபெத் இங்கிலாந்தில் கென்ட் என்ற பகுதியைச் சேர்ந்தவர். அதனால்தான் ஆனந்தரின் பெயருக்கு நடுவில் கென்டிஷ் என்றும் ஒரு சொல் உண்டு.

குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் ஒரு பேரிடி. 1879இல் தந்தை காலமானார். தாயுடன் இங்கிலாந்து போன குழந்தை அங்கேயே வளர்ந்தது. தந்தையின் முகமே நினைவில்லை. தந்தையின் நாடும் பார்த்த நினைவில்லை.

பன்னிரண்டு வயதில் ஸ்டோன்ஹவுஸ் என்ற ஊரில் உள்ள விக்ளிஃப் பள்ளியில் சேர்ந்தார். பள்ளிக்கு அருகே டோவரோ என்று ஒரு குன்று. மற்ற பிள்ளைகளுக்கு அது விளையாடும் இடம். ஆனந்தருக்கோ அதுவே பாடப் புத்தகம்! அங்குள்ள பாறைகளை ஆராய்ந்து, சுமார் 18 வயதிலேயே ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார். பிறகு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் படித்து, 1900இல் சிறப்புப் பட்டம் பெற்றார்.

அடுத்து எங்கே போனார் தெரியுமா? பிறந்த மண்ணுக்கே! இலங்கையின் கனிம வளங்களை ஆராய ஓர் அரசு அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநராக நியமிக்கப்பட்டார் ஆனந்தர். வயது 25ஐத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

காரும் நல்ல சாலையும் இல்லாத காலம். மலை, காடு, ஆறு என்று ஊர் ஊராகச் சுற்றினார். பென்சில் செய்ய உதவும் கிராஃபைட், கண்ணாடி போல் ஏடு ஏடாக உரியும் மைக்கா எல்லாவற்றையும் ஆராய்ந்தார். கண்டிப் பகுதியில் கிடைத்த ஒரு நீல நிறக் கனிமம் உலகத்துக்கே புதியதாக இருந்தது. பிரையர் என்ற அறிஞருடன் சேர்ந்து 1903இல் அதைப் பற்றி எழுதினார். அதற்கு வைத்த பெயர் செரெண்டிபைட். அரபு நாட்டார் பழைய நாளில் இலங்கையைச் செரெண்டிப் என்று அழைத்தார்கள். அதிலிருந்து வந்த பெயர். இன்றும் உலகின் மிக அரிய கற்களில் அது ஒன்று.

இனி அந்தக் கறுப்புக் கல்லுக்கு வருவோம்.

சபரகமுவ மாகாணத்தில் பலாங்கொடை என்று ஓர் ஊர். அங்கே இரத்தினக் குழிகளில் அரித்தபோது, சின்னச் சின்னக் கறுப்புக் கற்கள் கிடைத்தன. தாயக்கட்டையைச் சிறிதாக்கியது போல ஆறு பக்கமும் சதுரமாக இருந்தன.

ஒரு கனிமத்தை எப்படி அடையாளம் காண்பது? நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். கறுப்பாக எத்தனையோ கற்கள் உண்டு. எனவே நிலவியலார் பல சோதனைகள் செய்வார்கள். எதைக் கீறும், எது அதைக் கீறும் என்று பார்த்தால் கடினம் தெரியும். படிகத்தின் வடிவம் என்ன? தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம்? உள்ளே என்னென்ன தனிமங்கள்? இத்தனைக்கும் விடை கிடைத்த பிறகுதான், அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்ல முடியும்.

பலாங்கொடைக் கல்லின் கனம் வியப்பூட்டியது. சாதாரண மணல் தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் கனம். இரும்பு ஏறக்குறைய எட்டு மடங்கு. இந்தக் கல்லோ ஒன்பது மடங்குக்கும் மேல்! இரும்பையும் மிஞ்சிய கனம்.

கறுப்பு நிறம், கன சதுர வடிவம், மிகுந்த கனம். இந்த மூன்றும் உள்ள யுரேனினைட் என்ற யுரேனியக் கனிமம் அப்போதே தெரிந்திருந்தது. ஆகவே இதுவும் யுரேனினைட்தான் என்று 1904இல் ஆனந்தர் கருதினார்.

அந்தக் கல் லண்டனில் உள்ள இம்பீரியல் நிலையத்தில் சோதிக்கப்பட்டது. டன்ஸ்டன் என்ற வேதியியல் அறிஞர் பகுத்துப் பார்த்தார். விடை வேறாக இருந்தது! யுரேனியம் கொஞ்சம்தான். கல்லில் ஏறக்குறைய முக்கால் பங்கு தோரியம் ஆக்சைடு. அதாவது, இது உலகம் அதுவரை அறியாத புதிய கனிமம். தோரியம் மிகுந்திருந்ததால் டன்ஸ்டன் அதற்குத் தோரியனைட் என்று பெயர் சூட்டினார்.

கண்டவர் ஒருவர், அது இன்னதென்று பகுத்தவர் இன்னொருவர். ஆனந்தர் முதலில் எண்ணியது தவறுதான். ஆனாலும் கவனித்து எடுத்தவர் இல்லாவிட்டால் சோதித்தவருக்கு வேலையே இல்லை. அதனால் தோரியனைட் வரலாற்றில் இருவர் பெயரும் இருக்கிறது. யுரேனினைட் என்று நினைத்ததும் அவ்வளவு பெரிய தவறு இல்லை. இரண்டும் ஒரே குடும்பத்து உடன்பிறப்புகள் என்றுதான் இன்றைய கனிம அட்டவணை சொல்கிறது. உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் இரண்டிலும் ஒன்றே!

இந்தக் கல்லை ஏன் உலகம் கொண்டாடியது? பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெள்ளையாக ஒரு மேண்டில் தொங்குமே, அது பளீரென்று எரிய அந்தக் காலத்தில் தோரியம்தான் சேர்த்தார்கள். மின்சாரம் பரவாத நாளில் அதற்கு நல்ல கிராக்கி.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தோரியம் கதிரியக்கம் உள்ளது. அதன் அணுக்கள் தாமாகவே சிதைந்து, வேறு தனிமங்களாக மாறிக்கொண்டே இருக்கும். அப்படிச் சிதையும்போது உண்டாகும் ஹீலியம் வாயு கல்லுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். கல்லைச் சூடாக்கினால் வெளியே வரும். பலூனில் அடைக்கிறார்களே, அதே ஹீலியம்தான்!

1905இல் ஓட்டோ ஹான் என்ற ஜெர்மானிய இளைஞர் லண்டனில் ராம்சேயிடம் ஆராய்ச்சி பழகினார். இலங்கைத் தோரியனைட்டிலிருந்து எடுத்த பொருளை ஆராய்ந்தபோது, ரேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்தார். அவர்தான் பின்னாளில் அணுப் பிளவைக் கண்டுபிடித்து, 1944ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்! பலாங்கொடைக் குழியில் கிடைத்த கல் எவ்வளவு தூரம் போயிற்று பார்த்தீர்களா?

ஆனந்தருக்கு லண்டன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. அரசு வேலை, புகழ் எல்லாம் கையில் இருந்தன. ஆனால் அவர் மனம் அமைதியாக இல்லை. ஏன் தெரியுமா?

கல் தேடிக் கிராமங்களுக்குப் போனபோது அவர் மனிதர்களையும் பார்த்தார். பித்தளை விளக்கு வார்ப்பவர், தந்தத்தில் செதுக்குபவர், தறியில் நெய்பவர், பானை வனைபவர் எனப் பலர். தலைமுறை தலைமுறையாகக் கற்ற வேலை கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் வந்து இறங்கிய இயந்திரப் பொருள்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. கல் பூமியில் இன்னும் ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். கைவினைஞர் மறைந்தால் அவருடைய கலையும் அவரோடு மறைந்துவிடுமே!

அவர் துணிந்து ஒரு முடிவு எடுத்தார். 1906இல் அரசு வேலையை விட்டார். கிராமக் கலைகளைப் பற்றிச் சேர்த்த குறிப்புகளைக் கொண்டு, இடைக்காலச் சிங்களக் கலை என்ற பெரிய நூலை எழுதினார். மனைவி எத்தல் புகைப்படங்கள் எடுத்துத் தந்தார். இங்கிலாந்தில் தம் வீட்டருகே கை அச்சு இயந்திரம் வைத்து, ஓராண்டுக்கும் மேல் தாமே முன்னின்று அச்சிட்டு, 1908இல் வெளியிட்டார். மொத்தம் 425 பிரதிகள்தான்.

அடுத்து இந்தியா முழுவதும் பயணம். ஓவியங்களும் சிற்பங்களும் சேர்த்தார். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த சோழர் காலத்து நடராஜர் அவர் மனதைக் கவர்ந்தார். அந்த ஆடலின் பொருளை விளக்கி எழுதிய கட்டுரை, 1912இல் சென்னையிலிருந்து வந்த சித்தாந்த தீபிகை இதழில் வெளியானது. பிறகு 1918இல் நூலாக வந்து உலகெங்கும் பரவியது.

தாம் சேர்த்தவற்றை எல்லாம் வைத்துக் காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைய வேண்டும் என்று ஆசைப்பட்டார். யாரும் முன்வரவில்லை. எவ்வளவு வருந்தியிருப்பார்! 1917இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவரையும் அவருடைய சேகரிப்பையும் வரவேற்றது. முப்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

1947இல் எழுபது வயது நிறைந்ததும் இந்தியா திரும்பி, இமயமலைப் பக்கம் வாழத் திட்டமிட்டார். ஆனால் இந்தியா விடுதலை பெற்ற 25ஆம் நாள், செப்டம்பர் 9இல், அமெரிக்காவிலேயே காலமானார். ஊர் திரும்பும் ஆசை நிறைவேறவில்லை.

ஆனால் அவர் கண்ட கல்லும் கலையும் ஓர் இடத்தில் சந்தித்தன. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா அருகே செர்ன் என்ற அணுத்துகள் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 2004இல் இந்தியா அங்கே ஒரு நடராஜர் சிலையைப் பரிசளித்தது. அதன் அருகே உள்ள பலகையில் ஆனந்த குமாரசுவாமியின் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது!

தோரியமும் நமக்கு அந்நியமல்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் உள்ள மோனசைட் கிடைக்கிறது. கல்பாக்கத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி என்ற சிறிய ஆராய்ச்சி அணு உலையின் எரிபொருள், தோரியத்திலிருந்து உண்டாக்கியதுதான்.

செல்வங்களே! அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கறுப்பு மணலில் மெல்லப் புரட்டுங்கள். எந்தத் துகள் ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று நோட்டில் எழுதுங்கள். அப்படியே குப்பத்தில் வலை பின்னும் தாத்தாவின் விரல்களையும் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். ஆனந்தர் இரண்டையும் கவனித்தார். நீங்களும் கவனிப்பீர்கள்தானே?