பிரம்பைத் துறந்த பிரபு

பனி மூடிய காலை. பொழுது இன்னும் சரியாகப் புலரவில்லை. ருசிய நாட்டுச் சிற்றூர் ஒன்றிலே, வாயிற்படியருகே தொங்கும் மணி ஒலிக்கிறது. அரைமணி நேரத்துக்கெல்லாம், குடிசைகளிலிருந்து சிறுவர்கள் இருவராக, மூவராகப் புறப்பட்டு வருகிறார்கள். கையிலே புத்தகம் இல்லை. ஏடு இல்லை. நேற்றைய பாடத்தை ஒப்பிக்க வேண்டுமே என்ற நடுக்கம் நெஞ்சிலே இல்லை. இழுத்துவரத் தகப்பன் இல்லை, மிரட்டி அனுப்பத் தாய் இல்லை. அவர்களாகவே வருகிறார்கள், பனியை மிதித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள்!

திருவிழாவுக்கா? இல்லை தோழர்களே, பள்ளிக்கூடத்துக்கு!

ஆண்டு 1861. அந்த ஆண்டின் தொடக்கத்திலேதான் ஜார் இரண்டாம் அலெக்சாண்டரின் ஆணையால் பண்ணையடிமைத் தளை சட்டப்படி அறுபட்டது. அதுவரை நிலத்தோடு சேர்த்துக் கணக்கெழுதப்பட்டவர்களின் பிள்ளைகள் இவர்கள். படிப்பு என்றால், கோயில் ஊழியரோ ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரரோ கையில் கோலுடன் உட்கார்ந்து எழுத்தைக் கூட்டச் சொல்லி அடிப்பது என்பதுதான் அவர்கள் கண்டதும் கேட்டதும். அப்படிப்பட்ட பிள்ளைகள் ஓடி வருகிறார்கள் என்றால், அந்தப் பள்ளியிலே ஏதோ ஒரு மாயம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? மாயம் அல்ல, ஒரு மனிதர் இருந்தார். லியோ டால்ஸ்டாய்!

போரும் அமைதியும் எழுதிய டால்ஸ்டாயை உலகறியும். அன்னா கரீனினாவைப் படைத்த டால்ஸ்டாயை நூலகம் அறியும். சாக்கட்டியும் கையுமாக உழவர் பிள்ளைகளின் நடுவே நின்ற டால்ஸ்டாயை அறிந்தோர் சிலரே. நாம் இன்று பேசவிருப்பது அவரைப் பற்றித்தான்.

1828ஆம் ஆண்டு, துலா நகரை அடுத்த யாஸ்நயா போல்யானா என்ற பண்ணையிலே, பிரபு குடும்பத்திலே பிறந்தவர். இரண்டு வயது நிரம்புமுன் தாயை இழந்தார். ஒன்பது நிரம்புமுன் தந்தையை இழந்தார். அத்தைமார் வளர்த்தனர். பிரபு வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்ல, பிரெஞ்சு நாட்டு ஆசிரியர் ஒருவர் அமர்த்தப்பட்டார். ஒருநாள் அந்த ஆசிரியர் சிறுவனை அறையிலே போட்டுப் பூட்டி, பிரம்படி கொடுக்கப்போவதாக மிரட்டினார். அடி விழவில்லை, அவமானம் விழுந்தது. வாழ்நாள் முழுதும் வன்முறை என்றாலே தமக்கு உண்டான வெறுப்புக்கு அந்த ஒரு நாளே வித்தாக இருக்கக்கூடும் என்று முதுமையிலும் அவர் எண்ணிப் பார்த்தார். பட்டும் பீதாம்பரமுமாக வளர்ந்த பிள்ளைக்கே அந்த வடு என்றால், பட்டினிப் பிள்ளையின் முதுகிலே நாள்தோறும் விழும் அடி என்ன செய்யும்? எண்ணிப் பாருங்கள்.

1844ல் கசான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், கீழ்த்திசை மொழிகள் படிக்க. முதலாண்டுத் தேர்விலே தோல்வி. சட்டத்துக்கு மாறினார். அங்கும் மனம் ஒட்டவில்லை. மந்த மாணவர் என்றுதான் அவரைப் பற்றி எவரும் தீர்ப்பளித்திருப்பர். ஆனால் அங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. பேராசிரியர் மேயர் என்பார் ஒரு வேலை கொடுத்தார்: பிரெஞ்சு அறிஞர் மாந்தெஸ்கியூவின் சட்ட நூலையும், ருசியப் பேரரசி கேதரின் வகுத்த சட்ட நெறிகளையும் ஒப்பிட்டு ஆராய்க என்று. அவ்வளவுதான்! தூங்கிக் கிடந்த மாணவன் துள்ளி எழுந்தான். இரவு பகல் பாராமல் படித்தான். நூலிலிருந்து நூலுக்குத் தாவினான். படிக்கப் படிக்கப் பசி வளர்ந்தது. அந்தப் பசிக்குப் பல்கலைக்கழகமே குறுக்கே நின்றதாம்! 1847ல் பட்டம் பெறாமலே வெளியேறினார்.

மந்தம் மாணவனிடத்திலா இருந்தது? பாடம் பிடிக்காத வரையில் தேர்விலே சறுக்கியவன், பிடித்த வேலை ஒன்று கைக்கு வந்ததும் பேராசிரியர் கேட்டதற்கும் மேலாக உழைத்தானே! மாணவரின் மனநிறைவுக்கும் தேர்ச்சிக்கும் என்ன உறவு என்று ஆராய்வோருக்கு, அந்த ஒரு மாணவனின் கதையே போதும் என்போம்.

பிறகு காகசஸ் மலைகளிலே படைவீரர், செவஸ்தபோல் முற்றுகையிலே பீரங்கிப் படை அதிகாரி, எழுத்தாளர் என்று பெயர், புகழ். அவற்றை விரித்துரைக்க இங்கு இடமில்லை. 1859 இலையுதிர் காலத்திலே, முப்பத்தொரு வயதுப் பிரபு, தம் பண்ணையிலே கட்டணமில்லாப் பள்ளியைத் திறந்தார். திறந்தவர், அடுத்த ஆண்டே ஐரோப்பா சென்றார். அரண்மனைகளைக் காண அல்ல. பள்ளிக்கூடங்களைக் காண!

ஜெர்மனியிலே கிஸிங்கன் நகரப் பள்ளியைப் பார்த்தார். மன்னனுக்காக வழிபாடு, மாணவனுக்கு அடி, எல்லாம் மனப்பாடம், மிரண்டு வாடிய முகங்கள். நாட்குறிப்பிலே மனம் நொந்து எழுதினார். பிரான்சிலே மார்செய் துறைமுக நகரம் சென்றார். தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலே நுழைந்து, வரலாற்றுக் கேள்விகள் கேட்டார். பாடப்புத்தக வரிசைப்படி கேட்டபோது மளமளவென்று விடை வந்தது. வரிசையை மாற்றிக் கேட்டார். நான்காம் ஹென்றி மன்னனைக் கொன்றவன் ஜூலியஸ் சீசர் என்று ஒரு விடை வந்தது! இருவருக்கும் இடையே ஆயிரத்தறுநூறு ஆண்டுகள்! கணக்கும் அப்படியே: ஆயிரக்கணக்கான எண்களை விரைவாகப் பெருக்கிய பிள்ளைகள், எளிய கூட்டல் கழித்தல் கணக்கைச் சொந்தமாகப் போடத் தெரியாமல் விழித்தனர்.

அப்படியானால் மார்செய் நகரத் தொழிலாளர் மந்தமானவர்களா? இல்லையே! தெருவிலே பேசிப் பார்த்தார். கூர்மையானவர்கள், உலக நடப்பு அறிந்தவர்கள். எங்கே கற்றார்கள்? மலிவு விலைக் கதைப் புத்தகங்களிலே, அருங்காட்சியகங்களிலே, பாட்டும் நாடகமும் நடக்கும் சிற்றுண்டிச் சாலைகளிலே. எங்கே அவர்கள் விரும்பிப் போனார்களோ, அங்கே கற்றார்கள். எங்கே கட்டாயப்படுத்தி உட்கார வைக்கப்பட்டார்களோ, அங்கே மறந்தார்கள். ஆலைச் சங்கு ஊதியபின் படிப்பகத்திலே நாளேடு படித்து அறிவு பெற்ற தோழர்களுக்கு இதை நாம் விளக்கவேண்டிய தேவையே இல்லை.

1861ல் ஊர் திரும்பினார். இரண்டு மாடிக் கல் கட்டடம். ஆசிரியர்கள் நால்வர். ஏழு வயது முதல் பதின்மூன்று வரையிலான பிள்ளைகள் முப்பது நாற்பது பேர். அவர்களோடு வயதுவந்தோர் மூன்று நான்கு பேர். பெஞ்சியிலே உட்காருவான் ஒருவன், சன்னல் விளிம்பிலே ஒருவன், தரையிலே படுத்துக்கொண்டு ஒருவன். ஆசிரியர் நுழையும்போது பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டுகொண்டிருப்பார்கள். அதட்டல் கிடையாது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியர் பேசத் தொடங்குவார். ஒருவன் திரும்புவான், இருவர் திரும்புவர். கடைசியில் கட்டிப் புரண்டவனும் மயிரைக் கோதிக்கொண்டு வந்து உட்காருவான்.

வீட்டுப் பாடம் கிடையாது. தாமதமாக வந்தால் தண்டனை கிடையாது. வராவிட்டாலும் கேள்வி கிடையாது. வாரத்திலே ஒருமுறையோ இருமுறையோ, பாதிப் பொழுதிலே ஒரு பையன் தொப்பியை எடுத்து மாட்டுவான். வீட்டுக்கு என்பான். அவ்வளவுதான், அத்தனை பேரும் ஆரவாரத்தோடு பனியிலே இறங்கி ஓடிவிடுவார்கள். ஆசிரியர் வெறும் அறையைப் பார்த்து நிற்பார்!

இதற்குப் பெயர் பள்ளியா, சந்தையா என்று கேட்கத் தோன்றும். டால்ஸ்டாய்க்கும் அது சுட்டது. ஆசிரியரின் மானத்துக்கு இழுக்குத்தானே! ஆனால் அவர் கண்ட உண்மை வேறு. போகும் உரிமை உள்ளவன் போகாமல் உட்கார்ந்திருக்கிறானே, அந்த இருப்புக்குத்தான் மதிப்பு. ஓடிப்போகும் நாள் ஒன்றிரண்டு என்றால், ஒரு மணி நேரப் பாடம் மூன்று மணி நேரம் நீண்டு, இன்னும் சொல்லுங்கள் என்று பிள்ளைகள் கூவிய நாள்கள் பல. சலித்துக்கொண்டவனைப் பார்த்து, சின்னப் பிள்ளைகள் கூட்டத்துக்குப் போடா என்று மற்றவர்களே விரட்டினார்களாம்! பிரிட்டனிலே 2005 முதல் ஆண்டுதோறும் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேள்விப் படிவம் நீட்டி, படிப்பிலே மனம் நிறைந்ததா என்று கேட்கிறார்கள். டால்ஸ்டாய்க்குப் படிவம் தேவைப்படவில்லை. கதவு திறந்திருந்தது, கால்கள் விடை சொல்லின.

புவியியல் பாடம் தோற்றது. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. சிறந்த ருசிய எழுத்தாளர்களின் நூல்களைப் படித்துக் காட்டினார். ஏட்டு நடை அவர்களுக்கு எட்டவில்லை. பிள்ளைகள்மீது பழி போட்டாரா? இல்லை. தாம் நடத்திய இதழிலே, இன்ன பாடத்திலே தோற்றோம் என்று அச்சிட்டே அறிவித்தார். 1812ல் நெப்போலியன் படையெடுத்து வந்த கதையைச் சொன்னபோதோ, வகுப்பே கொதித்தெழுந்தது!

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட மனமில்லை. கரண்டியால் ஊட்டிவிட்டுக் காம்பால் கண்ணைக் குத்துவது என்று ஒரு ருசியப் பழமொழி. அதைக் கதையாக எழுதலாம் என்றார் டால்ஸ்டாய். பிள்ளைகள் தயங்கினர். தாமே எழுதத் தொடங்கினார். பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர்கள், இது இப்படி இராது, கிழவன் அப்படிப் பேசமாட்டான் என்று திருத்த ஆரம்பித்தார்கள். ஃபெத்கா, சியோம்கா என்ற இரண்டு உழவர் வீட்டுச் சிறுவர்கள் இறுதிவரை நின்றார்கள். மாலை ஏழு மணி முதல் இரவு பதினோரு மணி வரை! பசி தெரியவில்லை, தூக்கம் தெரியவில்லை. அவர் எழுதுவதை நிறுத்தினால் கோபித்துக்கொண்டார்கள். எழுதிய தாள்கள் பிறகு மற்றப் பையன்களின் கையிலே சிக்கி, விளையாட்டு வெடியாக மடிக்கப்பட்டு அழிந்தன. சிறுவர் இருவரும் அவர் வீட்டிலேயே இரவு தங்கி, மீண்டும் எழுதிக் கொடுத்தார்கள். புகழ்பெற்ற எழுத்தாளர் அந்தச் சிறுவர்களிடம் எழுத்துக்கலை கற்பதாக எண்ணினார். அதை ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார்.

மனநிறைவு என்றால் விளையாட்டுக் காட்டி மகிழ்விப்பது என்று கருதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் மிகவும் மகிழ்ந்த இரவு, அவர்கள் மிகவும் உழைத்த இரவு!

தண்டனையே இல்லையா என்றால், முதலில் இருந்தது. பள்ளியிலே பொருள்கள் திருட்டுப் போயின. திருடியவன் பிடிபட்டான். என்ன செய்யலாம் என்று பிள்ளைகளையே கேட்டார்கள். அடிக்கவேண்டும் என்றனர் சிலர். திருடன் என்று எழுதிச் சட்டையிலே தைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. உரக்கக் கூவியவன் யார் தெரியுமா? சென்ற ஆண்டு பொய்யன் என்ற சீட்டைத் தானே சுமந்தவன்! சீட்டு தைக்கப்பட்டது. சில நாளிலே அதே பையன் மீண்டும் திருடினான்; மீண்டும் சீட்டு. டால்ஸ்டாய் அந்த முகத்தைப் பார்த்தார். வெளிறி, வெந்து, கடினப்பட்டுப்போன முகம். சிறையிலே பார்க்கும் முகம். வெட்கம் பிடுங்கித் தின்றது. சீட்டைக் கிழித்தெறிந்து, எங்கு வேண்டுமானாலும் போ என்று பையனை விட்டுவிட்டார். ஒரு பிள்ளையை இப்படிச் செய்யப் பள்ளிக்கு உரிமை இல்லை என்பது அவருக்கு அன்று பட்டது.

ஆள்வோருக்கு இந்தப் பள்ளி பிடிக்குமா? சுற்று வட்டாரத்திலும் இதுபோன்ற பள்ளிகள் முளைத்தன. கிளர்ச்சிக்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து விரட்டப்பட்ட இளைஞர்கள் அங்கே ஆசிரியர்களானார்கள். நிலத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் பதவியிலே இருந்த டால்ஸ்டாய், உழவர் பக்கம் சாய்கிறார் என்று நிலப்பிரபுக்கள் பல்லைக் கடித்தனர். 1862 ஜூலையிலே, அவர் உடல்நலம் தேடி ஸ்டெப்பிப் புல்வெளிக்குச் சென்றிருந்த நேரம் பார்த்து, போலீசார் வந்து இறங்கினர். இரண்டு நாள் சோதனை! கள்ள அச்சுக்கூடம் இருக்கிறதாம்! தொழுவத்தின் தளத்தைப் பெயர்த்தனர். நாட்குறிப்புகளைப் படித்தனர். குளத்திலே வலை வீசினர். மீனும் நண்டும் அகப்பட்டன. அச்சுக்கூடம் அகப்படவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரிலே திருமணம். பிறகு பெருங்காவியம் போன்ற நாவல் அழைத்தது. பள்ளி மூடப்பட்டது. உலக இலக்கியத்துக்கு அது ஆதாயம், மறுக்கவில்லை. ஆனால் மணியோசைக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் கணக்கிலே அது நட்டந்தான். பள்ளி பிரபுவின் நெஞ்சிலே மட்டும் நின்றது. ஊரின் கையிலே நிற்கவில்லை. நெஞ்சு திரும்பியது, கதவு சாத்தியது. நல்ல மனம் படைத்த செல்வர்களின் கொடையாகக் கல்வி இருக்கும் வரையிலே இப்படித்தான்.

1872ல் திரும்பி வந்தார். தாம் எழுதிய அரிச்சுவடியோடு வந்தார். தம் வீட்டிலேயே பள்ளி. மனைவியும் பிள்ளைகளும் கூட ஆசிரியர்கள். 1874ல் மாஸ்கோவிலே அவருடைய முறைக்கும் வேறு முறைக்கும் போட்டி வைத்தனர். இரண்டு பள்ளிகள், ஏழு வாரம். பிறகு தேர்வு. ஆராய வந்த அறிஞர்கள் எது வென்றது என்று ஒத்த முடிவுக்கு வரவே இல்லை! அடுத்த ஆண்டு வந்த புதிய அரிச்சுவடியோ, அவர் வாழ்நாளிலேயே பதிப்புக்குமேல் பதிப்பாக விற்றது.

1910ல் தென்னாப்பிரிக்காவிலே, ஜோகன்னஸ்பர்க் அருகே 1100 ஏக்கர் பண்ணை ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினர் காந்தியாரும் அவர் நண்பர் கல்லன்பாக்கும். போராட்டத்திலே ஈடுபட்ட குடும்பங்களின் பிள்ளைகளிலே தமிழ்ப் பிள்ளைகள் இருந்தனர். அவர்களுக்குக் காந்தியாரே, தாம் அறிந்த அரைகுறைத் தமிழிலே பாடம் சொன்னார். அங்கேயும் ஒருநாள், அடங்காத பையன் ஒருவன்மீது அவர் கையிலிருந்த அளவுகோல் பாய்ந்தது. அடித்தவர் கைதான் நடுங்கியது. அதற்காக அவர் வருந்தியதைப் பிற்காலத்தில் தன் வரலாற்றிலே எழுதினார்.

அதே 1910 நவம்பரிலே, வீட்டைத் துறந்து கிளம்பிய எண்பத்திரண்டு வயதுக் கிழவர், அஸ்தபோவா ரயில் நிலையத்து அதிகாரியின் வீட்டிலே உயிர் நீத்தார்.

ஃபெத்கா என்னவானான்? அவனுடைய உண்மைப் பெயர் வசீலி மொரோசோவ். அவன் பெரிய அதிகாரி ஆகவில்லை, பேராசிரியர் ஆகவில்லை. துலா நகரிலே குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தான். அந்த வண்டிக்காரர் எழுதிய நினைவுக் குறிப்புகள் 1917ல் நூலாக வந்தன. ஐம்பது ஆண்டு கடந்துவிட்டது, கிழவனாகிவிட்டேன். ஆயினும் அந்தப் பள்ளியின் நினைவு மங்கவில்லை, துன்பம் வரும்போதெல்லாம் அதுவே எனக்குத் தெம்பு தருகிறது என்ற கருத்தை அதிலே எழுதி வைத்திருக்கிறார்.