ஓவியர் ரெனுவார்

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1841-இல் லிமோழ் நகரில் தையற்காரர் ஒருவர்க்கு மகனாகப் பிறந்தார். ஐம்பது அகவை கடந்த அளவில் முடக்குவாதம் அவரைப் பற்றியது. மூட்டுகள் வீங்கின, விரல்கள் கோணி உள்ளங்கை நோக்கி மடங்கின. நகம் தோலைக் கிழிக்காதவாறு வீட்டார் துணி சுற்றினர். 1912-க்குப் பின் நடையும் ஒழிந்தது. ஓவியத் தொழிலோ ஒழியவில்லை!

வெயில் நாடித் தென்கடலோரக் கான்யே ஊரில் 1907-இல் நிலம் வாங்கி இல்லம் அமைத்தார். ஆங்கு உடனிருப்போர் தூரிகையை அவர் விரலிடையே பொருத்துவர். கையிற் பிணித்தனர் என்பது பிழை. பெருந்திரை உருளைகளிற் சுற்றப்பட்டமையின், எட்டாத பகுதியும் அவர் அமர்ந்த இடத்திற்கே வந்தது. ஓவியத்தால் ஈட்டிய பொருள் இவற்றிற்கெல்லாம் உதவிற்று. அந்நோய் அவர் தந்தையைப் பற்றியிருப்பின், ஊசி அன்றே கைநழுவியிருக்கும்.

முதல் உலகப்போரில் மைந்தர் இருவர் புண்பட்டனர். 1915-இல் மனைவியார் ஆலின் மறைந்தார். அத்துயர்களுக்குப் பின்னரும், 1919-இல் தம் உயிர் நீங்குமுன், நீராடும் மகளிரைக் காட்டும் பேரோவியம் ஒன்றை அவர் தீட்டி முடித்தார்.