புள்ளிகள் சொன்ன செய்தி

மக்காச்சோள வகைகள் சிலவற்றின் கதிரை உரித்தால், வெளிறிய மணிகளின்மேல் ஊதா நிறப் புள்ளிகள் தெறித்திருப்பதைக் காணலாம். உண்பவர்க்கு அவை வெறும் நிற வேறுபாடுகளே. அப்புள்ளிகளின் அளவையும் எண்ணிக்கையையும் ஆண்டுக்கணக்கில் கூர்ந்து நோக்கி, மரபணுப் பொருள் தன் இடத்தை விட்டுப் பெயரக்கூடியது என்று கண்டறிந்தவர் பார்பரா மெக்ளின்டாக்.

அவர் அமெரிக்க நாட்டின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1902ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பிறந்தார். தந்தை மருத்துவர். புரூக்ளினில் பள்ளிப்படிப்பை முடித்த மகள் கல்லூரிக்குச் செல்ல விரும்பியபோது தாய் தடுத்தார். மிகுதியாகப் படித்த பெண்ணுக்கு மணமகன் அமைவது அரிது என்னும் அச்சம் அந்நாட்டுத் தாய்மாருக்கும் அன்று இருந்தது. முதல் உலகப் போர்ப் பணியிலிருந்து திரும்பிய தந்தை மகளின் பக்கம் நின்றார். 1919இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரியில் சேர்ந்த பார்பரா, 1927இல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றார்.

மக்காச்சோளத்தின் பத்துக் குரோமோசோம்களையும் நுண்ணோக்கியில் ஒன்றிலிருந்து ஒன்றை வேறுபடுத்திக் காணும் வழியை முதலில் வகுத்தவர் அவரே. 1931இல் தம் மாணவியான ஹாரியட் கிரைட்டனுடன் சேர்ந்து, மரபுப் பண்புகள் இடம் மாறிக் கலக்கும்போது குரோமோசோம்களின் துண்டுகளும் உண்மையாகவே இடம் மாறுகின்றன என்று மெய்ப்பித்தார். இத்துணைத் திறம் இருந்தும் நிலையான பணி எளிதில் வாய்க்கவில்லை. உதவித்தொகைகளை நம்பியே பல ஆண்டுகள் கழிந்தன. 1941இல் நியூயார்க் மாநிலக் கடற்கரையிலுள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்திற்குச் சென்றார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அதுவே அவருடைய இல்லமும் வயலுமாயிற்று.

மக்காச்சோளத்தில் ஆய்வு செய்வோர்க்குப் பொறுமை வேண்டும். வசந்தத்தில் விதைத்து, கோடையில் கதிர்களை உறையிட்டுக் காத்து, உரிய மகரந்தத்தைத் தம் கையாலேயே தூவி, இலையுதிர் காலத்தில் மணிகளைக் காணும்போது ஓராண்டு ஓடிவிடும். அவ்வாறு உழைத்துவந்த பார்பரா, சில செடிகளின் ஒன்பதாம் குரோமோசோம் குறிப்பிட்ட ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் முறிவதைக் கண்டார். முறிவு நிகழும் இடத்திலுள்ள கூற்றினைப் பிரிப்பான் எனலாம். அது தானாக இயங்காது. தூண்டி எனத்தக்க வேறொரு கூறும் அதே உயிரணுவில் இருந்தாக வேண்டும். வியப்பு அதன்பின்தான் வந்தது. சில செடிகளில் பிரிப்பான் பழைய இடத்தில் இல்லை; அது புதியதோர் இடத்தில் அமர்ந்திருந்தது.

புள்ளிகளின் புதிர் இங்கே அவிழ்ந்தது. ஊதா நிறமியை உண்டாக்கும் மரபணுவுக்குள் பிரிப்பான் புகுந்துகொண்டால் அம்மரபணு செயலிழக்கும், மணி வெளிறிவிடும். மணி வளரும் காலத்தில் தூண்டியின் விளைவால் ஏதேனும் ஓர் உயிரணுவிலிருந்து பிரிப்பான் வெளியேறினால், அங்கே மரபணு மீண்டும் விழித்துக்கொள்ளும். அவ்வுயிரணுவின் வழிவந்தவை யாவும் ஊதா நிறம் பெறும். முன்னதாக வெளியேறினால் புள்ளி பெரிதாகும். காலந்தாழ்த்தி வெளியேறினால் சிறிதாகும். ஒவ்வொரு மணியும் தன் வளர்ச்சி வரலாற்றைத் தன் மேனியிலேயே எழுதிவைத்திருந்தது!

மரபணுக்கள் கயிற்றில் கோத்த மணிகள்போல் அசையாதிருப்பவை என்று பெரும்பாலோர் எண்ணிய காலம் அது. 1950இல் கட்டுரையாகவும், 1951இல் அறிஞர் மாநாட்டில் உரையாகவும் அவர் தம் முடிவுகளை முன்வைத்தார். அவையோர் அமைதி காத்தனர். சிலர் வெளிப்படையாகவே ஐயுற்றனர். உலகம் அவரை முற்றிலும் புறக்கணித்தது என்று எழுதுவோர் உண்டு. அது சரியன்று. 1945இலேயே அமெரிக்க மரபியல் கழகத்தின் தலைவராக விளங்கியவர் அவர். மக்காச்சோள ஆய்வாளர்கள் கூறுகள் இடம் மாறுவதை ஏற்கவும் செய்தனர். ஏற்கப்படாதது, மரபணுக்களை எப்போது இயக்குவது, எப்போது அடக்குவது என்பதை இக்கூறுகள் ஆள்கின்றன என்னும் அவருடைய பெருங்கருத்தே. அக்கருத்தை அவர் சொன்ன வடிவிலேயே இன்றைய அறிவியலும் ஏற்பதில்லை. ஆயினும் மரபணுக்களுக்குக் கட்டுப்பாட்டு அமைப்பு உண்டு என்று அத்துணை முன்னரே உணர்ந்தது அவருடைய தனிப்பெருமை.

1953க்குப் பின் ஆய்விதழ்களில் இதுபற்றி எழுதுவதை அவர் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார். விதைப்பதை நிறுத்தவில்லை. ஆய்வு நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் முடிவுகளைப் பதிந்துவந்தார். பின்னர், தென் அமெரிக்கா, மெக்சிகோ முதலிய பகுதிகளின் நாட்டு மக்காச்சோள இனங்களை ஆராய்ந்தார்.

1961இல் ஜேக்கப், மோனோ என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் பாக்டீரியாவில் மரபணுக் கட்டுப்பாட்டு முறையை விளக்கியபோது, அதற்கும் தம் மக்காச்சோளத்திற்குமுள்ள ஒப்புமையைக் காட்டி அவ்வாண்டே ஒரு கட்டுரை எழுதினார். 1960களின் இறுதியில் பாக்டீரியாவிலும் இடம் மாறும் கூறுகள் வெளிப்பட்டன. இன்று, மக்காச்சோள மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 85 விழுக்காடு இத்தகைய கூறுகளே என்று அறிந்துள்ளோம்.

1983இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு எவருடனும் பகிரப்படாமல் அவருக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 81. வீட்டில் தொலைபேசி இல்லாததால் வானொலி வழியாகவே அச்செய்தியை அறிந்தார். 1992 செப்டம்பர் 2ஆம் நாள் மறைந்தார்.

அவர் கண்ட தூண்டி, பின்வந்தோர் கையில் கருவியாயிற்று. புகையிலைத் தேமல் வைரஸை எதிர்க்கும் ஆற்றல் சில புகையிலைச் செடிகளுக்கு இயல்பாகவே உண்டு. அவ்வாற்றலைத் தரும் மரபணு எது என்பது தெரியாதிருந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் மக்காச்சோளத்தின் தூண்டியைப் புகையிலைக்குள் செலுத்தினர். எச்செடி தன் எதிர்ப்பாற்றலை இழந்ததோ, அதில் தூண்டி அம்மரபணுவுக்குள் புகுந்து அதைச் சிதைத்திருக்க வேண்டும். தூண்டியின் அமைப்பு முன்பே அறியப்பட்டதாதலால், அது இருக்குமிடத்தைத் தேடி அம்மரபணுவை அடைந்தனர். 1994இல் அம்முடிவு வெளியாயிற்று. ஈராண்டுகள் கழித்து அதே மரபணு தக்காளிச் செடியில் சேர்க்கப்பட்டது. அத்தக்காளி தேமல் வைரஸை எதிர்த்து நின்றது.