எந்திரத்துக்கு வேஷம் கட்டியவர்

செஞ்சி வட்டாரத்தில் இருக்கிறது பனமலை. அங்கே ஒரு குன்று. குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். சுமார் 1,300 ஆண்டுப் பழமை. பெரிய கோயிலை ஒட்டினாற்போல் சின்னஞ்சிறு ஆலயங்களும் இருக்கின்றன. அப்படி ஒரு சிற்றாலயத்தின் சுவரில்தான், குடை நிழலில் ஒரு காலை மடித்து நிற்கும் உமையின் ஓவியம் இருக்கிறது.

அந்த ஊரில் கம்ப்யூட்டர் படிக்கும் ஒரு மாணவன். வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப் என்று வைத்துக்கொள்வோம். அவன் புரோகிராம் எழுதிப் பழக வேண்டும். தங்கைக்குப் பாடமும் அதில்தான். அக்காவின் வேலை விண்ணப்பமும் அதில்தான். அவன் எதையாவது தாறுமாறாகச் செய்து, லேப்டாப் படுத்துக்கொண்டால் வீடே திண்டாடும். என்ன செய்வான்?

பெரிய கோயிலை ஒட்டிச் சிற்றாலயம் எழுப்பியதுபோல, அந்த லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கிக்கொள்வான்! கையால் தொட முடியாத கம்ப்யூட்டர் அது. விர்ச்சுவல் மெஷின் என்று பெயர்.

ஓர் எந்திரம் இன்னோர் எந்திரமாக நடிக்க முடியுமா? முடியும் என்று கணக்கால் நிரூபித்தவர் ஆலன் டியூரிங்.

போத்தனூரில் பிறந்த தாய்

டியூரிங் ஆங்கிலேயர். ஆனாலும் நம் ஊருக்கு உறவுக்காரர்தான். அவருடைய தாயார் சாரா, 1881-ல் கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் சென்னை ரெயில்வேயின் தலைமை எஞ்சினீயர். தகப்பனார் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் பிறந்ததும் குன்னூரில்தான். ஆலன் மட்டும் 1912 ஜூன் 23-ந்தேதி லண்டனில் பிறந்தார்.

பெற்றோருக்கு உத்தியோகம் இங்கே. பிள்ளைகள் வளர்ந்ததோ இங்கிலாந்தில், ஒரு பட்டாள அதிகாரியின் வீட்டில். கடிதத்தில்தான் அம்மா! பள்ளிக்கூடத்தில் உயிருக்கு உயிராய் ஒரு தோழன் கிடைத்தான். பெயர் கிறிஸ்டோபர் மார்க்கம். 1930-ல் காசநோய் அவனைக் கொண்டுபோய்விட்டது. இருவரும் சேர்ந்து செய்ய நினைத்த விஞ்ஞான வேலையைத் தனியாகச் செய்வது என்று டியூரிங் உறுதி கொண்டார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார்.

நாடாவும் கூத்தும்

1936-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஓர் எந்திரம் வருகிறது. பட்டறையில் செய்ததல்ல; மனத்தில் கண்டது. முடிவில்லாத ஒரு காகித நாடா. அதில் வரிசையாகக் கட்டங்கள். எந்திரம் ஒரு கட்டத்தைப் படிக்கும், எழுதும், அழிக்கும், பக்கத்துக் கட்டத்துக்கு நகரும். எப்போது எதைச் செய்வது என்பதற்கு ஓர் அட்டவணை. அவ்வளவுதான்.

கூட்டுவதற்கு ஓர் எந்திரம், பெருக்குவதற்கு ஓர் எந்திரம் என்று தனித்தனியே வேண்டியதில்லை என்றார் டியூரிங். எந்த எந்திரத்தின் அட்டவணையையும் நாடாவில் எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து அந்த எந்திரமாகவே நடந்துகொள்ளும் ஒரே எந்திரம் போதும். செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆள் ஒருவர்தான். துரியோதனன் வேஷம் கட்டினால் துரியோதனன். கர்ணன் வேஷம் கட்டினால் கர்ணன்.

ஒரு கம்ப்யூட்டரே பல கம்ப்யூட்டர்களாக வேஷம் போடும் வித்தையை, 1960-களில் ஐ.பி.எம். கம்பெனியார் தங்கள் பெரிய கம்ப்யூட்டரில் நடத்திக் காட்டினார்கள். 1999-ல் வி.எம்.வேர் கம்பெனி அதைச் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது.

பனமலை மாணவனுக்குக் காசு செலவு இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற சாப்ட்வேர் இலவசம். அதற்குள் போட உபுண்டு லினக்சும் இலவசம். முதலில் லேப்டாப்பின் பயாஸ் அமைப்பில் விர்ச்சுவலைசேஷன் என்பது திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பிறகு பங்கு பிரிப்பது. 8 ஜி.பி. நினைவகம் இருந்தால் உள்ளே இருப்பதற்கு 4 கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் வெளியே இருப்பது மூச்சுத் திணறும். டிஸ்க்கில் ஒரு 25 ஜி.பி. ஒதுக்கினால் உபுண்டு குடியேறிவிடும். உள்ளே எல்லாம் சரியாக ஓடும் வேளையில் ஸ்நாப்ஷாட் எடுத்து வைப்பது மிக அவசியம். நாளைக்கு உள்ளே எல்லாம் நாசமானாலும், ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய நிலை வந்துவிடும். அக்காவின் விண்ணப்பத்துக்குச் சேதம் இல்லை.

போலீசுக்குப் போனவர்

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. மறுநாளே டியூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஜெர்மானியர் எனிக்மா எந்திரத்தில் அனுப்பிய ரகசியச் செய்திகளை உடைப்பது வேலை. போலந்துக் கணித நிபுணர்கள் போட்ட பாதையில் போய், அதற்கென்றே ஓர் எந்திரத்தை வடிவமைத்தார். கடலில் கப்பல்கள் தப்பின. ஊருக்கு ஒன்றும் தெரியாது. அவர் ஒரு விசித்திரப் பிறவி. டீ குடிக்கும் கோப்பையை யாரும் எடுத்துவிடாதபடி சங்கிலி போட்டுப் பூட்டி வைப்பார்!

யுத்தம் முடிந்ததும் நிஜக் கம்ப்யூட்டருக்கே திட்டம் வரைந்தார். 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

1952-ல் அவர் வீட்டில் திருட்டு. போலீசுக்குப் போனார். விசாரித்தவர்கள் திருடனை விட்டு அவரையே துருவினார்கள். ஓர் இளைஞனோடு அவருக்கு உறவு என்று தெரிந்தது. அவர் மறைக்கவில்லை. அந்நாளில் பிரிட்டனில் அது குற்றம். (நம் நாட்டில், வயது வந்தோரின் மனமொத்த உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2018-ல்தான்.) சிறையா, ஹார்மோன் மருந்தா என்றார்கள். மருந்தை ஏற்றார். உடம்பு உருமாறியது. ரகசிய வேலைக்கும் கதவு அடைபட்டது. நாட்டைக் காத்தவருக்கு நாடு செய்த மரியாதை இது!

1954 ஜூன் 7-ந்தேதி சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்றது விசாரணை. தாயார் அதை நம்பவில்லை. கைதவறி நேர்ந்த விபத்து என்றே சாதித்தார்.

மகனின் வாழ்க்கையை அந்தத் தாயே புத்தகமாக எழுதினார். 1959-ல் அது வெளிவந்தது. யுத்தத்தில் மகன் செய்த காரியத்தை அதில் எழுத முடியவில்லை. அந்த ரகசியம் 1970-களில்தான் வெளியே வரத் தொடங்கியது. 1976-ல் தாயாரும் காலமானார்.

2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் ராணியின் பொதுமன்னிப்பு வந்தது. 2021-ல், டியூரிங்கின் பிறந்த நாளன்று, அவர் படம் போட்ட 50 பவுன் நோட்டு வெளியாயிற்று. படத்துக்குப் பக்கத்தில், 1936-ல் எழுதிய அந்தக் கட்டுரையின் அட்டவணை ஒன்றும் அச்சாகியிருக்கிறது.