கோடுகளுக்குப் பெயர் வைத்த டியூரர்

சங்க மலருக்குச் சித்திரக் கலையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது நான் சற்றுத் தயங்கினேன். காரணத்தை மறைப்பானேன்? பன்னிரண்டாம் வகுப்பு வரை ஊரில் தமிழிலேயே படித்துவிட்டு, ஓவியம் பயில வடோதராவுக்கு வந்தவன் நான். ஹேட்சிங், பெர்ஸ்பெக்டிவ், ஃபோர்ஷார்ட்டனிங் என்று நாள்தோறும் காதில் விழும் சொற்கள் கைக்குப் புரிந்துவிட்டன. வாய்க்குத்தான் இன்னும் புரியவில்லை. என்ன கற்றுக்கொண்டாய் என்று அப்பா தொலைபேசியில் கேட்டால் விழிக்கிறேன். இதே இக்கட்டு 500 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஒரு பெரிய ஓவியருக்கு நேர்ந்திருக்கிறது என்று அறிந்தபின் என் தயக்கம் நீங்கிற்று. அவர் கதையையே எழுதுகிறேன்.

ஆல்பிரெக்ட் டியூரர் 1471ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் நியூரம்பர்க் நகரில் பிறந்தார். தந்தை ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். தாய் பார்பரா பெற்ற பிள்ளைகள் 18. வளர்ந்து ஆளானவர்கள் மூவரே. எழுதப் படிக்கக் கற்றதும் சிறுவனைப் பள்ளியிலிருந்து எடுத்துத் தந்தை தம் பட்டறையில் உட்கார வைத்தார். லத்தீனில் புலமை பெறும் வாய்ப்பு அத்தோடு போயிற்று. அந்நாளில் ஐரோப்பாவில் உயர்கல்வி என்றாலே லத்தீன்தான். இதை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கதை இங்கேதான் திரும்பி வரும்.

1484இல், 13 வயதில், கண்ணாடியைப் பார்த்துத் தம் உருவத்தை அவர் வரைந்தார். அந்தத் தாள் இன்றும் வியன்னாவில் ஆல்பெர்ட்டினா காட்சிசாலையில் இருக்கிறது. பென்சிலால் வரைந்ததன்று; கூராக்கிய வெள்ளிக் கம்பியால் வரைந்தது. வெறுந்தாளில் வெள்ளி சரியாகப் பற்றாது. எலும்புச் சாம்பலைப் பசையில் குழைத்துத் தாளின் மேல் பூசிக் காயவைத்து, அதன்மேல் கம்பியை இழுத்தால் மெல்லிய சாம்பல் நிறக் கோடு படியும். எவ்வளவு அழுத்தினாலும் கோடு கறுக்காது. அழிக்கவும் முடியாது. ரப்பரை நம்பிக் காலம் தள்ளும் எனக்கு, 13 வயதுப் பையன் அழியாக் கோட்டில் தன் சட்டை மடிப்புகளைக் கொண்டுவந்ததைப் பார்த்தால் பொறாமைதான் உண்டாகிறது.

1486இல் வோல்கெமுட் என்ற ஓவியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே அச்சு நூல்களுக்கு மரச்செதுக்குப் படங்கள் செய்து வந்தார்கள். பலகையில் படத்தை வரைந்து, கோட்டை மட்டும் மேடாக விட்டு, மற்ற இடத்தையெல்லாம் செதுக்கி எறிந்துவிட வேண்டும். பிறகு மையைத் தடவி அச்சிட வேண்டும். செப்புத் தகட்டு வேலையோ இதற்கு நேர்மாறு: அங்கே கோடுதான் பள்ளம். அந்தப் பள்ளத்தைத் தோண்டும் உளி பொற்கொல்லர் உளி. ஆகவே டியூரருக்கு அது பழகிய கருவி. தகட்டு வேலையில் அந்நாளில் பெரும்பெயர் பெற்றிருந்த ஷோன்கவுவரிடம் பயில விரும்பிக் கொல்மார் நகருக்குப் போனார். போய்ச் சேர்வதற்குள் ஷோன்கவுவர் இறந்துவிட்டிருந்தார்.

மரமோ செம்போ, அச்சில் உள்ள நிறம் கறுப்பு ஒன்றே. அப்படியானால் நிழலுக்கு எங்கே போவது? இங்கேதான் ஹேட்சிங் என்பது பிறக்கிறது. ஒரே திசையில் கோடுகளை நெருக்கி இழுத்தால் நிழல். இடைவெளி விட்டு இழுத்தால் வெளிச்சம். இதை நான் இழைக்கோடு என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு வரிசையின் மேல் மற்றொரு வரிசை குறுக்கே சென்றால் அது குறுக்கிழை. கோரைப்பாயின் பின்னல் போல. இம்மட்டும் யாரும் செய்யலாம். டியூரரின் திறமை அடுத்த படியில் இருக்கிறது. தோள் உருண்டையானால் அவர் கோடும் தோளோடு வளைந்து செல்லும். சுவர் தட்டையானால் கோடும் நேராக நிற்கும். ஆகவே ஒரே கோடு நிழலையும் சொல்கிறது, வடிவத்தையும் சொல்கிறது. என் முதல் பாடத்தில் நான் ஒரு மண்பானைக்கு நேர்க்கோடுகளால் நிழல் போட்டேன். பானை பலகையாகிவிட்டது.

கூப்பிய கைகள் என்ற அவருடைய படத்தை நண்பர்கள் பலரும் நாட்காட்டிகளில் கண்டிருப்பீர்கள். 1508இல் வரைந்தது. நீலம் பூசிய தாளில், இருண்ட மையால் நிழலையும் வெள்ளையால் ஒளியையும் தூரிகைகொண்டு இழைத்திருக்கிறார். நடுநிறத்தைத் தாளே கொடுத்துவிடுகிறது. கையின் பெரும்பகுதியில் அவர் ஒன்றுமே செய்யவில்லை என்பதுதான் வியப்பு.

இனி நம் குஜராத்துக்குச் சிறிது வரவேண்டும். சாம்பானேர் கோட்டைக்கு நம்மில் பலர் பஸ்ஸில் போய்வந்திருக்கிறோம். அது தலைநகராய் இருந்த காலத்தில், குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷா போர்த்துகீசிய ஆளுநர் ஆல்புகெர்க்குக்கு ஒரு காண்டாமிருகத்தைப் பரிசாக அனுப்பினார். அது கோவாவிலிருந்து கப்பலேறி 1515 மே மாதம் 20ஆம் நாள் லிஸ்பனில் இறங்கியது. அதைப் பார்த்த ஒருவர் எழுதிய குறிப்பும் ஒரு படமும் நியூரம்பர்க்குக்கு வந்து சேர்ந்தன. டியூரர் மிருகத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் அவ்வாண்டே மரச்செதுக்குப் படம் வெளியிட்டார். தோல் மடிப்புகள் இரும்புக் கவசத் தகடுகளாகிவிட்டன. முதுகில் இல்லாத கொம்பு ஒன்று முளைத்தது. ஆனால் இழைக்கோடுகள் அவ்வளவு உறுதியாய் நின்றதால், 200 ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய நூல்கள் அந்தப் பொய் மிருகத்தையே மெய்யென்று அச்சிட்டு வந்தன. பாவம், மெய்யான மிருகம் போப்பரசருக்குக் காணிக்கையாகப் போகும் வழியில் 1516இல் கப்பல் கவிழ்ந்து மாண்டது.

கண்டு வரைந்தால் டியூரர் எப்படி வரைவார் என்பதற்கு முந்திய ஆண்டுப் படம் ஒன்று போதும். 1514 மார்ச் மாதத்தில் தம் தாயைக் கரித்துண்டால் வரைந்தார். 63 வயது, எலும்பெடுத்த நெற்றி, கழுத்து நரம்புகள், வேறெங்கோ பார்க்கும் ஒரு கண். அழகுபடுத்த அவர் முயலவில்லை. அடுத்த இரண்டு மாதங்களுக்குள் அந்த அம்மாள் காலமானார். விடுமுறையில் என் பாட்டியை உட்கார வைத்து வரைய முயன்றேன். அந்தத் துணிவு எனக்கு வரவில்லை.

இனிக் கதையின் மையத்துக்கு வருகிறேன். டியூரர் இளைஞராயிருந்தபோது யாக்கோபோ தே பார்பரி என்ற வெனிஸ் ஓவியர், அளவு விகிதத்தால் அமைத்த ஆண், பெண் உருவங்களை அவருக்குக் காட்டினார். தலை இவ்வளவானால் உடல் எவ்வளவு, தோள் எவ்வளவு என்ற கணக்கு அது. கணக்கின் வழியைக் கேட்டதற்கு அவர் தெளிவாகச் சொல்ல மறுத்துவிட்டார். தொழில் ரகசியம்! டியூரர் இதை மறக்கவேயில்லை. தாமே ரோமானியர் விட்ரூவியஸின் நூலைத் தேடிப் பிடித்தார், ஆட்களை அளந்தார், 1504இல் ஆதாம் ஏவாள் செப்புத் தகட்டில் தம் கணக்கைச் சோதித்தார். 1505இல் மீண்டும் இத்தாலி சென்றவர், பெர்ஸ்பெக்டிவின் ரகசியத்தைக் கற்கவென்றே பொலோனாவுக்குக் குதிரையேறினார். 1507இல் வெனிஸில் ஒரு டக்கட் பொன் கொடுத்து யூக்லிடின் நூலை வாங்கினார். அதுவும் லத்தீன்தான். நண்பர் பிர்க்ஹைமர் மொழியறிந்தவர், அவர் உதவினார்.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்றதை 1525இல் டியூரர் நூலாக வெளியிட்டார்; கோலும் கவராயமும் கொண்டு அளக்கும் முறையைப் பற்றிய நூல். எழுதியது ஜெர்மன் மொழியில். ஓவியருக்கு மட்டுமன்றிப் பொற்கொல்லர், சிற்பி, கல்தச்சர், மரத்தச்சர் அனைவருக்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் நோக்கம். அளவையறியாமல் வெறும் பழக்கத்தால் வளரும் இளம் ஓவியர், கிளை கழிக்காத காட்டு மரம் போன்றவர் என்பது அவர் கருத்து.

சொற்களுக்கு என்ன செய்தார்? பட்டறையிலும் தோட்டத்திலும் கிடந்தவற்றை எடுத்தார். சுருளிக்கு நத்தைக் கோடு என்று பெயர் வைத்தார். பரவளைவு வடிவக் கண்ணாடி வெயிலைக் குவித்து எரிக்குமாதலால் அந்த வளைவு எரிகோடு. அதிபரவளைவு கவைக்கோடு. நீள்வட்டத்துக்கு முட்டைக் கோடு. இங்கே கணித மாணவர் சிரிக்கலாம். சிரிக்க இடமும் உண்டு. கூம்பைச் சாய்வாக வெட்டினால் அடிப்பக்கம் அகன்றிருக்கும் என்று எண்ணி, நீள்வட்டத்தை ஒருபுறம் பருத்த முட்டையாகவே வரைந்துவிட்டார். பெயர் பொருந்தியது, படம் பிழைத்தது.

அந்நூலில் ஒரு படம் என்னை மிகவும் கவர்ந்தது. மேசைமேல் வீணை போன்ற லூட் என்னும் வாத்தியம். சுவரில் ஒரு வளையம். அதுதான் பார்ப்பவன் கண். வளையத்தின் வழியே கனம் கட்டிய நூல். இடையில் ஒரு மரச்சட்டம். அதில் கதவு போல் திறந்து மூடும் பலகையில் தாள். ஒருவன் நூலின் முனையால் வாத்தியத்தைத் தொடுகிறான். நூல் சட்டத்தைக் கடக்கும் இடத்தை மற்றவன் இரண்டு இழைகளைக் குறுக்கே நகர்த்திக் குறித்துக்கொள்கிறான். நூலை விலக்கிக் கதவை மூடி, அவ்விடத்தில் புள்ளி வைக்கிறான். இப்படிப் புள்ளி புள்ளியாய் வாத்தியம் தாளில் இறங்குகிறது. நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் தாளில் குறுகிவிடுகிறது. ஃபோர்ஷார்ட்டனிங் என்று நாங்கள் பரீட்சைக்கு மனனம் செய்வது இந்த நூற்கயிற்றின் வேலைதான். நானும் அறைத்தோழனும் விடுதியில் ஒரு ஜன்னல் சட்டத்தையும் தையல் நூலையும் வைத்து இதைச் செய்து பார்த்தோம். வாத்தியம் கிடைக்காததால் ஒரு செருப்பு. மாலை முழுதும் போய் 40 புள்ளிகள் தேறின. செருப்பு செருப்பாகவே வந்தது.

1520இல் கரையொதுங்கிய திமிங்கிலத்தைக் காண நெதர்லாந்தில் ஜீலாந்துக்கு ஓடினார் டியூரர். போவதற்குள் கடல் அதைக் கொண்டுபோயிற்று. அவருக்குக் காய்ச்சல்தான் மிஞ்சியது. பிறகு உடல் முழுதும் தேறவில்லை. அந்த உடலோடுதான் எழுதிக்கொண்டிருந்தார். பார்பரி சொல்ல மறுத்த மனித அளவுகளைப் பற்றிய நான்கு நூல்களும் முடியும் நிலையில், 1528 ஏப்ரல் 6ஆம் நாள் 56 வயதில் உயிர் நீத்தார். மனைவி ஆக்னெஸ் அந்நூலை அவ்வாண்டு அக்டோபரில் ஜெர்மன் மொழியிலேயே வெளியிட்டார். சில ஆண்டுகளில் அறிஞர்கள் படிப்பதற்காக அதை லத்தீனில் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.